லேத்தில் சுருள், தொட்டியில் பால்

திங்கட்கிழமை காலை. கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறை. ஷட்டரைத் தூக்கியதும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான பையன் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். "எலி எதாச்சும் செத்துக் கெடக்குதுங்களாண்ணா?" முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிற டர்னர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே பதில் சொல்கிறார்: "எலி இல்ல கண்ணு, கூலன்ட் கெட்டுப்போச்சு. மொதல்ல தொட்டி மூடியத் தெற."

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று கோவையில் எந்தப் பக்கம் போனாலும் இப்படிப்பட்ட பட்டறைகள் உண்டு. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் என்ற பஞ்சாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பஞ்சாலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்யத் தொடங்கிய ஊர், மோட்டார் பம்புக்கும் வெட் கிரைண்டருக்கும் பேர் வாங்கியது. இந்தப் பட்டறைகளில் பேச்செல்லாம் கடைகிற பொருளான ஜாப்பைப் பற்றித்தான்: அளவு வந்ததா, ஃபினிஷ் வந்ததா, எடுத்துப்போக வண்டி எப்போது வரும். ஜாப்பிலிருந்து சீவி எடுத்த இரும்பு எங்கே போகிறது, அதன்மேல் ஊற்றிய கூலன்ட் என்னும் வெள்ளைத் தண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. டர்னரின் கையும் கண்ணும் மூச்சும், முதலாளியின் லாபமும், ஜாப்பின் அளவும்கூட அந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கின்றன.

லேத்தை நேரில் பார்க்காதவர்கள் குயவர் சக்கரத்தைப் படுக்கவைத்ததாக நினைத்துக்கொள்ளலாம். களிமண்ணுக்குப் பதில் இரும்புத் தண்டு. அதை 'சக்' என்னும் இரும்புப் பிடி கவ்விக்கொண்டு சுழற்றுகிறது. குயவர் விரலின் இடத்தில் கூர்மையான டூல். டூல் தண்டைத் தொட்டபடி மெல்ல நகர, இரும்பு தோலுரிந்து வருகிறது. உரிந்து வருகிற அந்த உலோகத்துக்குச் சுருள், சீவல், பிசிறு, சிப்ஸ், டர்னிங் என்று இடத்துக்கு ஒரு பெயர். வார்ப்பு இரும்பைக் கடைந்தால் வருகிற கறுப்புத் தூளுக்குப் பழைய இரும்புக் கடையில் 'போரிங்' என்று பெயர்.

எவ்வளவு வேகமாக உரிகிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டு நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். டூலின் முனையைக் கடந்து ஒரு நிமிடத்தில் 94 மீட்டர் நீளத்துக்கு இரும்பு ஓடுகிறது. வெட்டுப்படும்போது இரும்பு நசுங்கித் தடிப்பதால் சுருளின் நீளம் அதில் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். அப்படிக் குறைந்தாலும் நிமிடத்துக்கு 30 மீட்டருக்கு மேல் நாடா வெளியே வரும். ஐந்தரை மீட்டர் சேலை ஆறை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் என்ன நீளமோ அந்த நீளம், ஒரே நிமிடத்தில். இந்த நாடாவின் இரண்டு ஓரமும் பிளேடு. போதாததற்குக் கொதிக்கிற சூடு.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? மூன்று எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் வெட்டும்போது செலவாகும் மின்சாரம் இரண்டு கிலோவாட்டுக்குச் சற்றுக் கூடுதல். வீட்டுக் குளியலறையில் மாட்டியிருக்கும் கெய்சர் இழுப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். உலோகத்தை வெட்டச் செலவாகும் சக்தி ஏறக்குறைய மொத்தமும் வெப்பமாகிறது. கெய்சரின் சூடு பத்து, இருபது லிட்டர் தண்ணீரில் பரவிவிடும். லேத்திலோ அது அரிசி மணி அகலம்கூட இல்லாத ஓர் இடத்தில் பிறக்கிறது.

இதை முதலில் முறையாக அளந்து பார்த்தவர் ரம்ஃபோர்டு பிரபு. மியூனிக் நகர ஆயுதச் சாலையில் பித்தளைப் பீரங்கிகளுக்குத் துளை போடும் வேலையை மேற்பார்த்தவர். துளை போடும்போது பீரங்கி அப்படிச் சுடுவானேன் என்ற கேள்வி அவரை விடவில்லை. குதிரையைக் கொண்டு சுழற்றும் இயந்திரத்தில், வேண்டுமென்றே மழுங்கிய கருவியை வைத்து, பீரங்கி உலோகத்தைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் மூழ்கவைத்துச் சுற்றினார். இரண்டரை மணி நேரத்தில், அடுப்பும் நெருப்பும் இல்லாமல் தண்ணீர் கொதித்தது. சுற்றிலும் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். வெப்பம் என்பது உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொருள் அல்ல, அது இயக்கத்தால் வருவது என்ற முடிவை 1798-இல் அவர் வெளியிட்டார். இயற்பியல் புத்தகங்கள் இந்தச் சோதனையை அதற்காக நினைவு வைத்திருக்கின்றன. டர்னருக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. தண்ணீர்ப் பெட்டிச் சோதனைக்கு முன்பு செய்த ஒரு சோதனையில், உலோக உருளை நன்றாகச் சூடேறும்வரை கடைந்தும் கிடைத்த பிசிறு சுமார் 54 கிராம்தான். மழுங்கிய டூல் இரும்பைச் சீவாது, சூட்டைத்தான் கிளப்பும். கூலன்ட்டை எவ்வளவு ஊற்றினாலும் தீட்டாத டூலைக் காப்பாற்ற முடியாது என்று பட்டறையில் பெரியவர்கள் சொல்வதும் இதையேதான்.

வெட்டும் வேகம் கூடக்கூட, பிறந்த சூட்டின் பெரும்பங்கைச் சுருள் தன்னோடு வாரிக்கொண்டு போய்விடும். நல்ல வேகத்தில் ஐந்தில் நான்கு பங்குகூடப் போகலாம். ஜாப்பும் டூலும் பிழைப்பது அதனால்தான். அனுபவப்பட்ட டர்னர் சுருளின் நிறத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடுவார். எஃகு சுமார் 220, 230 டிகிரியைத் தொட்டால் வைக்கோல் மஞ்சள் ஏறும். பிறகு பழுப்பு, ஊதா. 300 டிகிரி வாக்கில் மயில் கழுத்து நீலம். கார்பைடு டூல் போட்டு ஓட்டும்போது நீலச் சுருள் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, சூடு சுருளோடு போகிறது என்று அர்த்தம். ஹைஸ்பீட் ஸ்டீல் டூலில் அதே நீலம் வந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். 600 டிகிரியை நெருங்கினால் அந்த டூல் பதம் இழந்துவிடும்.

மிச்சச் சூடு ஜாப்பில் தங்குகிறது. அதன் விளைவு மைக்ரோமீட்டரில் தெரியும். பேரிங் உட்காரவேண்டிய 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்று, அறை வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலாகச் சுட்டிருந்தால் அதன் விட்டம் 0.023 மில்லிமீட்டர் பருத்திருக்கும். பேரிங் உட்காரும் இடத்துக்கு வரைபடத்தில் பெரும்பாலும் அனுமதிக்கும் அளவு வேறுபாடு மொத்தமே 0.016 மில்லிமீட்டர். சூட்டோடு அளந்து 'அளவு சரி' என்று இறக்கிவைத்த ஷாஃப்ட், டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆறி இளைத்து, ரிஜெக்ட் கூடைக்குப் போய்விடும். கூலன்ட் இல்லாமல் கடைசி வெட்டு போடுகிறவர்கள் இந்த நஷ்டத்தை ஒருமுறையாவது பட்டிருப்பார்கள்.

கூலன்ட்டின் கதையில் பெரிய திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் ஃப்ரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் 1880-களில் உலோகம் வெட்டுவதைப் பற்றி வருஷக்கணக்கில் சோதனை செய்தார். அதுவரை தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் வழக்கம். சுருள் பிரிகிற இடத்திலேயே தண்ணீரைத் தாரையாகக் கொட்டினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாம் என்று அவர் கண்டுபிடித்தார். அதற்காகவே புதிய பட்டறை கட்டினார்கள். ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓர் இரும்புத் தட்டில் நிறுத்தி, வடிந்த தண்ணீரைக் குழாய் வழியாகத் தரைக்கடியில் இருந்த கிணற்றுக்குக் கொண்டுபோய், பம்ப் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றி, திரும்பவும் டூலுக்கே விட்டார்கள். துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் சோடா கலந்தார்கள். தட்டு, தொட்டி, பம்ப், குழாய் என்று இன்றைக்கும் ஒவ்வொரு லேத்துக்கு அடியிலும் இருப்பது அதே ஏற்பாட்டின் சின்ன வடிவம்தான்.

சோடாவின் இடத்தில் இப்போது எண்ணெய். பட்டறைகளில் 'சால்யூபிள் ஆயில்' என்றும் 'கட்டிங் ஆயில்' என்றும் சொல்லி கேனில் வாங்குகிற பழுப்பு நிறத் திரவம், தண்ணீரில் விழுந்ததும் பாலாக வெளுக்கும். உண்மையில் அது கரைவதில்லை. சோப்பு போன்ற ஒரு பொருளின் துணையோடு கோடிக்கணக்கான நுண்துளிகளாகப் பிரிந்து மிதக்கிறது. பாலில் கொழுப்பு மிதப்பதும் அப்படித்தான், அதனால்தான் அதே வெள்ளை. இந்தக் கூட்டணியில் வேலைப் பங்கீடு தெளிவானது. சூட்டை வாங்குவது தண்ணீர். எண்ணெயைப்போல இரண்டு மடங்கு வெப்பத்தை அதனால் சுமக்க முடியும். துருவைத் தடுப்பதும், சுருளுக்கும் டூலுக்கும் நடுவே வழுக்கலைத் தருவதும் எண்ணெயும் அதில் கலந்திருக்கும் மருந்துகளும்.

கலக்குவதிலும் ஒரு முறை உண்டு. பல பட்டறைகளில் கேனிலிருந்து தொட்டியில் எண்ணெயைக் கொட்டிவிட்டு, மேலே ஹோஸ் பைப்பைத் திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி மாட்டிக்கொண்டு தயிர்போலத் திரிந்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு கலக்கிக்கொண்டே எண்ணெயைச் சிறு தாரையாக ஊற்றவேண்டும். 50 லிட்டர் தொட்டிக்கு 5 சதவீதம் என்றால் இரண்டரை லிட்டர் எண்ணெய். வேலையையும் எண்ணெயையும் பொறுத்து 5 முதல் 10 சதவீதம் வரை வைப்பார்கள். குறைந்தால் ஜாப்பும் லேத்தின் படுகையும் துருப்பிடிக்கும், கிருமி பெருகும். கூடினால் நுரை தள்ளும், கை எரியும், காசும் வீணாகும்.

கோவையில் தண்ணீரும் ஒரு பிரச்சினை. பட்டறையில் கிடைப்பது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திட்டுத்திட்டாகப் பிரிவதை வீட்டில் பார்த்திருப்போம். கூலன்ட்டுக்கும் அதே கதிதான். எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும். வெயில் காலத்தில் தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பும் எண்ணெயும் தங்கிவிடும். மறுபடி போர்வெல் தண்ணீரையே ஊற்ற, வாரத்துக்கு வாரம் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத தண்ணீராகவும், அதில் ஒன்றிரண்டு சதவீதமாவது எண்ணெய் கலந்ததாகவும் இருக்கவேண்டும். எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற பேனா அளவுக் கருவி இருக்கிறது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடு காட்டிவிடும். கருப்பஞ்சாற்றில் சர்க்கரை அளக்கவும் இதே வகைக் கருவிதான். பத்தாயிரக்கணக்கில் டூல் வாங்குகிற பட்டறைகளில்கூட இது இல்லாதிருப்பது ஆச்சரியம்.

இனி அந்தத் திங்கட்கிழமை நாற்றம். லேத்தின் படுகைக்கும் கியர் பெட்டிக்கும் போடுகிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து கூலன்ட் தொட்டியில் சேரும். வாரம் முழுக்க பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அது தெரியாது. சனிக்கிழமை மாலை பம்ப் நின்றதும் அந்த எண்ணெய் மேலே மிதந்து, பாலின் மேல் ஆடை படிவதுபோலத் தொட்டியை மூடிவிடும். காற்று உள்ளே போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கு அது கொண்டாட்டம். அவற்றில் ஒரு வகை, தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அழுகிய முட்டையின் நாற்றம் அந்த வாயுவுடையதுதான். டீ கிளாஸ் கழுவிய தண்ணீர், சாப்பாட்டு மிச்சம், வெற்றிலை எச்சில் எல்லாம் தட்டில் விழுகிற பட்டறையில் கிருமிக்குச் சோறும் போட்டாயிற்று.

நாற்றத்தை ஃபினாயில் ஊற்றி மறைக்கிறவர்கள் உண்டு. அது வீண் வேலை, கைக்கும் கெடுதல். மிதக்கும் எண்ணெயைத் தினமும் வழித்தெடுப்பதும், அடியில் படியும் சேற்றை அள்ளுவதும்தான் வைத்தியம். விடுமுறை நாளில் மீன் தொட்டிக்குப் போடும் சின்னக் காற்று பம்பைத் தொட்டிக்குள் குமிழியிட விட்டுவைத்தாலே கூலன்ட் பல நாள் கூடுதலாகத் தாங்கும். காற்று உள்ளே போனால் அந்தக் கிருமிகளால் தலையெடுக்க முடியாது. நாறிவிட்ட தொட்டியில் புதுக் கூலன்ட்டை ஊற்றிப் பயனில்லை. தொட்டி, குழாய், மூலை முடுக்கு எல்லாம் தேய்த்துக் கழுவாவிட்டால், பழைய மோர் பானையில் புதுப் பாலைக் காய்ச்சி ஊற்றிய கதைதான்.

எல்லா வேலைக்கும் கூலன்ட் வேண்டும் என்பதில்லை. வார்ப்பு இரும்பை உலர்வாகவே கடைவார்கள். அதிலுள்ள கிராஃபைட்டே மசகு வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கறுப்புத் தூள் சிமென்ட் குழைத்ததுபோலப் படுகையில் அப்பிக்கொள்ளும். பித்தளையும் பெரும்பாலும் உலர்வுதான். அலுமினியம் டூலில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. பழைய டர்னர்கள் அதற்கு மண்ணெண்ணெய் தொட்டு வைப்பார்கள். மெக்னீசியக் கலவை விஷயத்தில் தனி எச்சரிக்கை: அதன் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் படவே கூடாது, உலர்ந்த மணலைத்தான் கொட்டவேண்டும்.

கார்பைடு டூலுக்கு ஒரு விதி. ஊற்றினால் ஆரம்பம் முதல் தாரையாக ஊற்றவேண்டும், இல்லையென்றால் ஊற்றவே கூடாது. டூல் சிவக்கச் சிவக்க ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நினைவு வந்து மக்கில் மொண்டு ஊற்றினால், சுட்ட கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதுபோல விரிசல் விடும். பெரிய ஆலைகளில் வேறு திசையிலும் போகிறார்கள். மணிக்குச் சில பத்து மில்லி எண்ணெயைக் காற்றோடு புகையாகத் தெளித்தே வேலையை முடிக்கிறார்கள். இன்னொரு பக்கம் 70 பார் அழுத்தத்தில் கூலன்ட்டைப் பீய்ச்சி, அந்த வேகத்திலேயே சுருளை ஒடிக்கிறார்கள்.

சுருளை ஒடிப்பதுதான் டர்னரின் பெரிய சாமர்த்தியம். நீளமாக வருகிற சுருள் சக்கில் சுற்றும், ஜாப்பில் கீறல் போடும், கூலன்ட் குழாயைப் பிடுங்கும், ஒரு நொடியில் சாட்டையாக வீசும். முழு இரும்பாக இருந்தபோது கைப்பிடிக்குள் அடங்கியது, சிக்கலான சுருளாக மாறினால் பல பத்து மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். தட்டு நிமிடங்களில் நிரம்பிவிடும். ஆங்கில எழுத்து 'சி' போலவோ, 6, 9 போலவோ துண்டு துண்டாக விழுந்தால் அது நல்ல வெட்டு. அதற்கு டூலின் மேற்பரப்பில் சின்னப் பள்ளமோ படியோ தீட்டுவார்கள். அதில் முட்டி வளைகிற சுருள் தாங்காமல் ஒடியும். இன்று கடையில் வாங்கும் கார்பைடு இன்சர்ட்டின் முகத்தில் தெரியும் மேடு பள்ளமெல்லாம் இதற்காகத்தான். பள்ளம் இருந்தும் ஒடியவில்லையென்றால், ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரமான ஃபீடைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கவேண்டும். மெல்லிய சுருள் ரிப்பன்போல வளைந்து கொடுக்கும், தடித்த சுருள் வளைய முடியாமல் முறியும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பயந்துகொண்டு ஃபீடைக் குறைப்பார்கள். அதனாலேயே சுருள் இன்னும் நீளும்.

உலோகமும் இதில் பேசும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒடியவே மனமில்லாமல் நூலாக இழுக்கும். ஈயம் கலந்த பித்தளை ஊசி ஊசியாகச் சிதறும். இஎன்1ஏ போன்ற எஃகில் கந்தகத்தைச் சேர்ப்பதே சுருள் எளிதில் முறியட்டும் என்றுதான்.

பட்டறை விபத்துகளில் மனத்தை வருத்துவது, நொடி நேர அவசரத்தில் நடக்கிறவை. சக்கில் சுருள் சுற்றிக்கொள்கிறது. லேத்தை நிறுத்தினால் இரண்டு நிமிடம் போகும். கை தானாக நீள்கிறது. ஓடுகிற சுருளைப் பிடித்தால் அது விரலை எலும்புவரை அறுக்கும். அதைவிட மோசம், கையோடு இழுத்துக்கொண்டு போய்ச் சக்கில் சுற்றும். கையுறை இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு. சுழலும் லேத்தின் முன் கையுறை ஆபத்தானது. அதன் ஒரு நூல் மாட்டினாலும் கை முழுதும் போகும். பட்டறைகளில் துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட், திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வருவது, அதுவும் இதே வகையில் ஆபத்து. லேத் ஓடும்போது பனியன் வேஸ்டை ஜாப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. முழுக்கைச் சட்டை, கழுத்துத் துண்டு, கைக்கயிறு இவற்றுக்கும் இதே தடை.

லேத்தை நிறுத்து, கொக்கியை எடு. பட்டறை மூலையில் கிடக்கும் ஆறு மில்லிமீட்டர் கம்பியை அரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை வளைத்தால் கொக்கி தயார். பிடிக்கு முன்னால் வட்டத் தகடு ஒன்றை வெல்ட் வைத்துவிட்டால் வழுக்கி வரும் சுருள் விரலைத் தொடாது. பிடியை வளையமாக மட்டும் முறுக்கக்கூடாது. சுருள் கொக்கியைப் பறித்தால் கையை விட்டுவிட வேண்டும். வளையத்துக்குள் விரல் இருந்தால் விட முடியாது. கம்ப்ரசர் காற்றைக் கொண்டு சுருளை ஊதித் தள்ளுகிற பழக்கமும் நம் பட்டறைகளில் வேரோடியிருக்கிறது. ஊதிய பிசிறு பக்கத்து லேத்காரரின் கண்ணில் போய் விழுகிறது. தூரிகைக்கு விலை சில பத்து ரூபாய்தான். கண்ணைக் காப்பதற்கு 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 35-ஆம் பிரிவு என்று தனியாக ஒன்று எழுதிவைத்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் கண்ணாடி போடாமல் பித்தளை கடைகிறவர்களைத் தெருவுக்கு ஒருவராகப் பார்க்க முடிகிறது.

கண்ணில் விழும் பிசிறு உடனே தெரிந்துவிடும். தோலில் நடப்பது மெதுவாகத் தெரியும். கூலன்ட் காரத்தன்மை உள்ளது. அதன் பிஎச் அளவு 9-ஐ ஒட்டியிருக்கும். நாள் முழுக்க அதில் நனைகிற கை, தோலின் இயற்கை எண்ணெயை இழந்து வறண்டு வெடிக்கும். வெடித்த இடத்தில் நுண்பிசிறு குத்தும். குத்திய இடத்தில் கூலன்ட் எரியும். மாலையில் அந்தக் கையைத் தின்னரிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுகிறார்கள், கறை சீக்கிரம் போகிறது என்று. போவது தோலின் கடைசிக் காப்பும்கூட. விரல் இடுக்குகளில் அரிப்பு, கொப்புளம், பிறகு ஆறாத வெடிப்பு என்று வந்தபின், டர்னர் வேலையையே விட்டவர்கள் உண்டு. சாதாரண சோப்பு, சுத்தமான தண்ணீர், வேலை முடிந்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது கிரீம் என்று பழக்கம் இருந்தாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள். எண்ணெய் ஊறிய சட்டையை மறுநாளும் மாட்டிக்கொள்வதைக் கைவிட வேண்டும். சரியாகச் சுத்திகரிக்காத மினரல் ஆயில்களைப் புற்றுநோய் தரும் பொருள்கள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. துருத் தடுப்புக்காக நைட்ரைட்டை அமீன் உள்ள கூலன்ட்டில் சேர்ப்பதை அமெரிக்கா 1984-இலேயே தடுத்தது. அவை இரண்டும் சேர்ந்து நைட்ரோசமீன் என்ற கெட்ட பொருளைத் தரும். பெயரில்லாத கேனில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்கவேண்டும்.

சீவிய இரும்பு காசும் ஆகும். ஆனால் பிரித்து வைத்தால்தான். எஃகுச் சுருள், வார்ப்பு இரும்பு போரிங், பித்தளை, அலுமினியம் என்று தனித்தனி டிரம் வைத்திருக்கிற பட்டறைக்கு நல்ல விலை. பித்தளையில் இரும்புப் பிசிறு கலந்தால் விலை இறங்கும். ஈரம் சொட்டுகிற சுருளுக்கு வியாபாரி எடையில் கழித்துக்கொள்வார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஈரச் சீவலை உருக்கும் உலையில் கொட்டினால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, உருகிய இரும்பை வெளியே வாரி எறியும். எண்ணெய் ஊறிய இரும்புச் சீவலைப் பெரிய குவியலாகப் போட்டுவைத்தாலும் உள்ளுக்குள் துருப்பிடிக்கும் சூட்டில் அது தானாகப் புகையத் தொடங்கலாம். கப்பலில் ஏற்றும்போது இரும்புச் சீவலைத் தானாகச் சூடேறும் ஆபத்தான சரக்கு என்று வகைப்படுத்தி, அதற்கு யூஎன் 2793 என்று எண்ணே கொடுத்திருக்கிறார்கள். ஓட்டை போட்ட தட்டில் இரவெல்லாம் வடியவிட்டால் சீவல் காயும், வடிந்த கூலன்ட்டும் தொட்டிக்குத் திரும்பும்.

பயன் தீர்ந்த கூலன்ட்தான் யாரும் பேச விரும்பாத விஷயம். இருட்டியபின் சாக்கடையில் திறந்துவிடுவது எளிது. கோவையின் சாக்கடைகள் கடைசியில் நொய்யலில்தான் கலக்கின்றன. எண்ணெய் கலந்த கழிவுகளை 2016-ஆம் வருஷ அபாயகரக் கழிவு விதிகள் தம் பட்டியலில் வைத்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 50 லிட்டர் தொட்டி வைத்திருக்கும் சிறு முதலாளிக்குத் தனியாக இது கட்டுப்படியாகாது என்பது உண்மை. ஒரு தெருவில் பத்துப் பட்டறை சேர்ந்து ஆளுக்கொரு டிரம் சேர்த்தால் ஒரு வண்டி நிறையும். சங்கங்கள் முனைந்து செய்யவேண்டிய வேலை இது.

கணபதிப் பட்டறையில் மணி பதினொன்று. தொட்டியைக் காலி செய்தாகிவிட்டது. அடியிலிருந்து இரண்டு வாளி கறுப்புச் சேறு வந்திருக்கிறது; அதற்குள் ஒரு ஸ்பேனரும், போன தீபாவளியில் காணாமல்போன அளவு கேஜ் ஒன்றும். பையன் மூலைகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, எண்ணெய் கேனைத் தூக்குகிறான். "அதக் கீழ வைய்யி. மொதல்ல தண்ணி," என்கிறார் பெரியவர். தண்ணீர் நிரம்பியபின் எண்ணெய் இழையாக இறங்க, பழுப்பு வெளுத்துப் பாலாகிறது. பம்பைப் போட்டதும் டூல் முனையில் வெள்ளைத் தாரை விழுகிறது.

ஆயுத பூஜையன்று எல்லாப் பட்டறையிலும் இது நடக்கும். சுருளை ஒரு பிசிறு விடாமல் வாரி, தொட்டியைக் கழுவி, லேத்தைத் துடைத்துப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, அன்றைக்கு இயந்திரம் புதிதாக வந்ததுபோல நிற்கும். பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தொட்டியைக் கழுவ ஆயுத பூஜை வரை காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். அதோடு ஒவ்வொரு லேத்திலும் ஒரு கொக்கி, ஒரு கண்ணாடி, கை கழுவும் இடத்தில் ஒரு சோப்பு. இவற்றை இந்த வாரமே வாங்கி வையுங்கள்.